பாறை மறைந்தால் மணி

குற்றாலத்தில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் மூன்று மாடி விடுதி கட்டினேன். அங்கே அஸ்திவாரம் நிற்காது என்று படித்தவர், படிக்காதவர் எல்லாரும் சொன்னார்கள். நிற்கிறது. தென்காசியில் கல்யாண மண்டபம் கட்டினேன். செங்கோட்டைக்கு மேற்கே, ஆடு ஏறத் தயங்குகிற மலையில் ஜீப் ஏறப் பாதை போட்டேன். கூரை இடிந்து வௌவால் குடியிருந்த துரை பங்களாவுக்கு ஓடு போட்டேன், கதவு போட்டேன், அடுப்பு மூட்டினேன், ஜனங்களைக் கூட்டிக்கொண்டுபோய் உட்காரவைத்தேன்.

இவ்வளவும் செய்தவன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அருவிக்கரையில் நல்லெண்ணெய்ச் சீசா விற்றவன். எனக்குப் பின்னால் சொத்து இல்லை, சொந்தம் இல்லை, சிபாரிசு சொல்ல ஓர் ஆள் இல்லை.

பெருமைக்குத்தான் சொல்கிறேன். போன வாரம் என் மண்டபத்தைப் பற்றி நான் இங்கே எழுதியதைப் படித்துவிட்டு, "மாடசாமி ரொம்பப் பீற்றிக்கொள்கிறார்" என்று ஒருவர் இந்தப் பத்திரிகைக்குச் சொல்லியிருக்கிறார். கட்டியவன் பேசாமல் வேறு யார் பேசுவது?

ஆனால் இந்த வாரம் பேசப்போவது அந்தக் கட்டிடங்களைப் பற்றி அல்ல. அந்த மலை பங்களாவில் நான் கட்டிய ஒரு மணியைப் பற்றி.

வாசலில் தொங்கியது

ஆடி மாதத்துச் சாரல் நாள். துரை பங்களாவை வெளியூர்க்காரர்கள் புதிதாக எடுத்து, புதுப்பித்து, பகல் சுற்றுலாவுக்குத் திறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. காலையில் ஏறி, மதியம் சாப்பிட்டு, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். நான் நடத்திய முறைதான். திறப்பு விழாவுக்கு எனக்கு அழைப்பு இல்லை. அழைக்காவிட்டால் போக முடியாதா என்ன? டிக்கெட் எடுத்துக்கொண்டு, என் வீட்டுக்காரி கோமதியோடு ஜீப் நிற்கிற இடத்துக்குப் போனேன்.

வண்டி ஓட்டுகிறவன் செல்வராஜ். ஒரு காலத்தில் என்னிடம் வேலை பார்த்தவன். இப்போது அவனுக்கே மீசை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டு மிதித்தான்.

"அண்ணாச்சி! நீங்களா டிக்கெட் எடுத்து வாறீய? இது என்ன கொடுமை!"

"எடுத்தா என்னலே? சொந்தமாப் போட்ட பாதையில காசு குடுத்துப் போற சுகம் ஒனக்குத் தெரியாது. ஓட்டு."

பாதை இன்னும் நான் வெட்டிய வழியில்தான் போகிறது. சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். வளைவுகள் அதே வளைவுகள். இரண்டாவது வளைவு வந்தபோது செல்வராஜ் ஒருமுறை ஹார்ன் அடித்தான். எதிரில் வண்டி இல்லை. எதற்கு அடித்தான் என்று எனக்குத் தெரியும். கோமதி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பங்களா வாசலில் புதிதாகக் கல் வளைவு ஒன்று கட்டியிருந்தார்கள். அழகான வளைவு. குறை சொல்ல மாட்டேன். அதன் நடுவில், பளபளவென்று தேய்த்து, சங்கிலியில், கைக்கு எட்டுகிற உயரத்தில் தொங்கியது என் மணி.

எங்களுக்கு முன்னால் இறங்கியவர்கள் ஒவ்வொருவராக அதை அடித்துவிட்டு உள்ளே போனார்கள். ஒரு தகப்பன் கைப்பிள்ளையைத் தூக்கிப்பிடித்து அதன் கையால் அடிக்க வைத்தான். ஒரு பெரியவர் அடித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நம் ஜனங்களுக்குத் தலைக்கு மேல் மணியைக் கண்டால் கை சும்மா இருக்காது. அடித்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார்கள்.

நான் அப்படியே நின்றேன். பக்கத்தில் பார்த்தால், கோமதி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அவளும் ஓர் அடி அடிக்கிறாள்.

"ஏட்டி, ஒனக்குமா? அது என்ன மணின்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். தெரிஞ்சு என்ன செய்ய? கை தானாப் போவுது. நீங்க வேணும்னா கையைக் கட்டிக்கிட்டு வாங்க."

வளைவின் பக்கத்தில் கருங்கல் பலகை பதித்திருந்தார்கள். மேலே ஆங்கிலம், கீழே தமிழ். தமிழை விரல் வைத்துப் படித்தேன். பங்களாவைக் கட்டியது எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரை. மணியை வைத்ததும் துரை, தோட்டத்து ஆட்களை வேலைக்குக் கூப்பிட. அதன் பின் பல்லாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. தற்போது பழைமை மாறாமல் புதுப்பிக்கப்பட்டது.

கவனிப்பாரற்று. அந்தச் சொல்லை இரண்டு தரம் படித்தேன். துரை போனதற்கும் இவர்கள் வந்ததற்கும் நடுவில் என் பாதி ஆயுள் இருக்கிறது. கல்வெட்டியவர் அதை ஒரு சொல்லில் தாண்டிவிட்டார்.

அட்டை கடிக்கக் காசா

நான் முதலில் பார்த்தபோது அந்தப் பங்களா எப்படி இருந்தது தெரியுமா? கூடத்தின் நடுவில் ஒரு மஞ்சணத்தி மரம் முளைத்து, கூரையைத் தள்ளிக்கொண்டு வெளியே தலை நீட்டியிருந்தது. வௌவால் எச்சம் கணுக்கால் அளவு. எஸ்டேட் முதலாளிகள் கொல்லம் பக்கத்தார். ரப்பர் இருக்கிற சரிவை மட்டும் பார்த்துக்கொண்டு, பங்களாவைப் பாம்புக்கு விட்டுவிட்டார்கள். அவர்களிடம்தான் பின்னால் அதைக் குத்தகைக்கு எடுத்தேன்.

அப்போது எனக்குக் குற்றாலத்தில் நான்கு அறை விடுதிதான் இருந்தது. சீசனுக்கு வருகிற ஜனங்கள் காலையில் எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பார்கள். வயிறு பசிக்க வந்து சாப்பிடுவார்கள். அப்புறம் வாசலில் ரம்புட்டான் வாங்கித் தோலை உரித்துப் போட்டபடி பொழுதுபோகாமல் உட்கார்ந்திருப்பார்கள். இவர்களுக்கு ஒரு மலையைக் காட்டினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. வேறு யாருக்கும் தோன்றவில்லை.

சொன்னவுடன் சிரித்தவர்களில் முதல் ஆள் சவரிமுத்து. செங்கோட்டைக்காரன். எஸ்டேட்டில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். என் வயதுதான். அருவிக்கரையில் நான் எண்ணெய் விற்ற காலத்தில் அவன் பக்கத்தில் சீப்பும் சோப்பும் விற்றான். அந்த நாளிலிருந்து பழக்கம்.

"ஏல மாடசாமி, அட்டை கடிக்கதுக்கு எவன்லே காசு குடுப்பான்?"

"குடுப்பான். நீ ஏத்திக்கிட்டு வா, நான் வாங்கிக் காட்டுதேன்."

"பாதை எங்கல?"

"போடுவேன்."

"போடு. போட்டுட்டுச் சொல்லு. ஆனா ஒண்ணு, அதுல எவன் ஓட்டுவான்னு இப்பவே பாத்து வச்சுக்கோ. ஒன் மூஞ்சிக்கு ஒருத்தனும் வரமாட்டான், நான்தான் வரணும்."

போட்டேன். அவன் வந்தான். எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு, பழைய ஜீப் ஒன்றை வாங்கி, முகப்பில் மாதா படம் ஒட்டி, "ஏறுங்க, ஏறுங்க, மேகத்தைத் தொட்டுப் பாக்க ஏறுங்க" என்று குற்றாலத்தில் கூவியதும் அவன்தான்.

கணப்பில் கற்பூரம்

வந்தார்கள். ராயகிரியிலிருந்து, கோவில்பட்டியிலிருந்து, எங்கெங்கிருந்தோ வந்தார்கள். அருவியில் குளித்த ஈரத் தலையோடு, எண்ணெய் மினுங்க, அண்டாவில் கூட்டாஞ்சோற்றைக் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

வந்தவர்கள் பங்களாவின் வெள்ளைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு சீசன் முடிந்து பார்த்தால், கூடம் முழுவதும் சுவரில் தலை உயரத்துக்கு ஓர் எண்ணெய்க் கறை, கோடு இழுத்த மாதிரி சுற்றிவந்திருந்தது. பெரியவர்கள் தலை ஒரு கோடு, பிள்ளைகள் தலை கீழே ஒரு கோடு. சுண்ணாம்பு அடித்தேன். அடுத்த சீசனில் திரும்பி வந்தது. அப்புறம் விட்டுவிட்டேன். மழை இல்லாத மாதத்தில் பங்களாவைத் திறந்தால்கூட அந்தச் சுவரில் நல்லெண்ணெய் வாசம் வரும்.

கூடத்தில் துரை குளிர்காய்ந்த கணப்பு இருந்தது. சுவருக்குள் வளைவாக, கரி படிந்து, ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு. முதலில் வந்த ஒரு கூட்டத்துப் பெண்கள் அதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கருப்பாக இருக்கிறது, மாடம் போல் இருக்கிறது, உள்ளே சாம்பல் இருக்கிறது. ஒருத்தி மடியிலிருந்து கற்பூரத்தை எடுத்துக் கொளுத்திவைத்தாள்.

"ஆச்சி, அது சாமி இல்ல, துரை குளிர்காஞ்ச அடுப்பு" என்றான் சவரி.

"அடுப்பா இருந்தா என்ன? ஏத்துனது ஏத்துனதுதான். நீ சும்மா இரு."

அன்றிலிருந்து யாராவது ஒருவர் அதில் கற்பூரம் ஏற்றினார்கள். வாழைப்பழம் வைத்தார்கள். நான் தடுக்கவில்லை. அந்தக் கணப்பின் முன்னால்தான் ஈரத்துண்டுகளைக் காயப்போடக் கொடியும் கட்டினேன். சாமிக்கு முன்னால் துண்டு காய்வது சரியா என்று யாரும் கேட்கவில்லை.

வெயில் வந்தால் வராந்தாவிலிருந்து கிழக்கே பார்க்கலாம். தென்காசிக் கோபுரம் சின்னதாகத் தெரியும். காற்றாலைகள் தெரியும். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி பூத்திருந்தால், யாரோ மஞ்சள் துண்டை விரித்துப் போட்டுவிட்டு மறந்துபோன மாதிரி இருக்கும். மேற்கே திரும்பினால் எதிர் மலையில் குடுமிப் பாறை. உச்சியில் ஒரு கல் முடிந்துவைத்த குடுமி போல நிற்பதால் அந்தப் பெயர்.

கிழக்கைப் பார்க்க ஜனங்கள் வந்தார்கள். மேற்கைப் பார்க்க வேண்டியிருந்தவர்கள் நாங்கள்.

சவரி

மேகம் மேற்கேயிருந்துதான் வரும். கணவாய் வழியாக நுழைந்து, முதலில் குடுமிப் பாறையை மூடும். கொஞ்ச நேரத்தில் பங்களா. அப்புறம் பாதை. பாதையில் இறங்கிவிட்டால் முன் சக்கரம் எங்கே இருக்கிறது என்று ஓட்டுகிறவனுக்கே தெரியாது.

மூன்றாவது சீசனோ, நான்காவதோ. ஒரு கல்யாணக் கூட்டம் வந்திருந்தது. பாறை மறைந்தது. கிளம்புங்கள் என்றோம். யார் கிளம்புவார்கள்? மேகம் வராந்தாவுக்குள் வந்து ஆட்களைச் சுற்றிக்கொண்டு போகிறது. பிள்ளைகள் அதைப் பிடிக்கக் கையை நீட்டுகிறார்கள். அந்த அழகைப் பார்க்கத்தான் வந்தார்கள். அது வந்த நேரத்தில் போ என்றால் எப்படிப் போவார்கள்? அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

சவரி பாதிப் பேரையும் என்னையும் ஒருவழியாக ஏற்றிக் கீழே கொண்டுவந்து விட்டான். வண்டியைத் திருப்பினான்.

"போகாதல. மேகம் விடட்டும்."

"பொம்பளையும் பிள்ளையும் மேல இருக்குலே. அதுகளுக்குப் பயம் வந்துட்டுன்னா நடந்து இறங்கப் பாக்கும். அது இதைவிட மோசம்."

போனான். மிச்சப் பேரை ஏற்றிக்கொண்டு இறங்கினான். இரண்டாவது வளைவில் மண் இளகியிருந்திருக்கிறது. வண்டியை நிறுத்தி, "எல்லாரும் இறங்குங்க, மலையை ஒட்டி நடங்க. வளைவு தாண்டி நிப்பாட்டுதேன், அங்க வந்து ஏறிக்கிடுங்க" என்று சொல்லியிருக்கிறான். அவர்கள் இறங்கி நடந்தார்கள். வண்டியின் சத்தம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் சத்தம் இல்லை.

அடிவாரத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மேகத்துக்குள்ளிருந்து வந்தார்கள். பிள்ளைகள் உட்பட எல்லாரும் வந்தார்கள். சவரி வரவில்லை.

இதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

மணிக்குள் இருந்த இரும்பு

துரை காலத்து மணி ஒன்று, பங்களாக் கிணற்றைத் தூர் வாரியபோது கிடைத்தது. உள்ளே நாக்கு இல்லை. அடுக்களை மூலையில் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துதான் சவரி சாப்பிடுவான். "இதுக்கு ஒரு நாக்கு செஞ்சு தொங்கவிடணும்லே" என்று சொல்லிக்கொண்டே இருப்பான்.

அவன் போன பிறகு, பள்ளத்திலிருந்து ஜீப்பைக் கயிறு கட்டி எடுத்தோம். பழைய இரும்புக்காரன் வந்தான். ஆக்ஸிலில் ஒரு துண்டு மட்டும் தரமாட்டேன் என்று வெட்டி எடுத்துக்கொண்டேன். செங்கோட்டையில் கொல்லரிடம் கொடுத்து, நுனியை உருட்டி, மேலே வளையம் வைத்து வாங்கினேன். அந்த நாக்கோடு அந்த மணி அடித்தபோது கோவில் மணியின் சத்தம் இல்லை. கட்டையான சத்தம். ஒருமுறை கேட்டால் வேறொன்றோடு குழம்பாது.

அதை வாசலில் கட்டினேனா? கட்டவில்லை. நம் ஜனங்களின் கையை எனக்குத் தெரியும். அடுக்களையின் பின்சுவரில், ஏணி போட்டால்தான் எட்டுகிற உயரத்தில் கட்டி, கயிற்றை ஜன்னல் வழியாக உள்ளே விட்டேன். சமையல்காரரைத் தவிர யாரும் தொட முடியாது. அது ஒரு காரியத்துக்கு மட்டும்தான் அடிக்கும்.

மலையேறி வந்து இறங்குகிற ஒவ்வொரு கூட்டத்தையும் வராந்தாவில் நிறுத்தி, நானே சொல்வேன்:

"எதிர்த்தாப்ல தெரியுது பாருங்க, குடுமிப் பாறை. அது தெரியுற வரைக்கும் பங்களா ஒங்களுக்கு. பாறை மறைஞ்சா மணி அடிக்கும். மணி அடிச்சா பங்களா மேகத்துக்கு. இலையில சோறு இருந்தாலும் சரி, எந்திரிச்சிரணும்."

முதலில் முணுமுணுத்தார்கள். பெரிய மனிதர்கள் சிலர் சண்டைக்கு வந்தார்கள். ஒருவர், "நான் யார்னு தெரியுமா ஒமக்கு?" என்றார். "தெரியும், மேகத்துக்குத் தெரியாது" என்றேன். எழுந்தார். நாளாக நாளாக வருகிறவர்களே அடுத்தவர்களுக்குச் சொன்னார்கள். பாறை மறைந்தால் மணி என்பது தென்காசியிலும் செங்கோட்டையிலும் பேச்சாகவே ஆகிவிட்டது. வீட்டில் விருந்தாளி கிளம்பாவிட்டால்கூட, "பாறை மறைஞ்சுட்டுல்லா" என்பார்கள்.

அதன் பிறகு நான் நடத்திய அத்தனை சீசனிலும் அந்த மலையில் ஓர் உயிர் போகவில்லை. என் மூன்று மாடி விடுதியை விட இதுதான் பெரிது. இதைச் சொல்லும்போதும் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

முழங்கால் தேய்ந்தது. குத்தகை முடிந்தது. முதலாளி குடும்பம் கைமாற்றியது. பங்களா கொஞ்ச காலம் பூட்டிக் கிடந்தது உண்மை. அந்தக் கொஞ்ச காலத்தைத்தான் கல்லில் பல்லாண்டுகள் ஆக்கிவிட்டார்கள்.

தீபாராதனையா?

ஆடி மாதத்துக்குத் திரும்புகிறேன்.

உள்ளே எல்லாம் நன்றாக இருந்தது. சுவரில் எண்ணெய்க் கோடு இல்லை. கணப்பில் கேஸ் தீ எரிந்தது. கற்பூரக் கரியைச் சுரண்டிவிட்டார்கள். சாப்பாடு பரவாயில்லை, ரசத்தில் உப்பு கம்மி. பங்களாவைப் பார்த்துக்கொள்கிற பிரவீன் என்ற தம்பி, சென்னைப் பையன், ஒவ்வொரு மேசையாக வந்து குறை கேட்டான். மரியாதையான பிள்ளை. ரசத்தைச் சொன்னேன்.

சாப்பிட்டுவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் மணி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. போகிறவர் ஓர் அடி, வருகிறவர் ஓர் அடி, படம் எடுக்கிறவர் ஓர் அடி. ஒவ்வொரு அடிக்கும் என் கால் தானாக எழப் பார்த்தது. கோமதி என் முட்டியில் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

செல்வராஜ் படியேறி வந்தான். முகம் சரியில்லை.

"அண்ணாச்சி, பாறை போச்சு."

திரும்பிப் பார்த்தேன். குடுமி இல்லை. எதிர் மலையே இல்லை.

"சொன்னியாலே?"

"சொல்லியாச்சு. மேனேஜர் தம்பி மைக்குல ரெண்டு தரம் சொல்லிட்டாரு. ஒருத்தரும் அசைய மாட்டேங்காவ. மேகம் வருதுன்னு செல்போனைத் தூக்கிக்கிட்டு முன்னால ஓடுதாவ."

எழுந்தேன். வாசலுக்குப் போனேன். மணியைப் பிடித்து, பழைய மாதிரி, விடாமல் அடித்தேன். கட்டையான சத்தம். முப்பது பேரோ நாற்பது பேரோ புல்வெளியில் நின்றார்கள். திரும்பினார்கள். சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வேகமாக என்னிடம் வந்தார். ஒருவராவது புரிந்துகொண்டு வந்துவிட்டாரே என்று நினைத்தேன்.

"தீபாராதனையா ஐயா? சாமி எந்தப் பக்கம்?"

அவர் தப்பாகக் கேட்கவில்லை. அந்த மணிக்கு அப்படி ஓர் அர்த்தம் கொடுத்துவிட்டார்கள். காலையிலிருந்து நூறு கை அடித்த மணி, நூற்றியொன்றாவது கை அடித்தால் என்ன சொல்லும்?

நான் அடித்துக்கொண்டே இருந்தேன். அவரும் நல்ல மனசோடு என் பக்கத்தில் நின்று சங்கிலியைப் பிடித்து எனக்கு உதவி செய்தார். மேகம் வந்து எங்கள் இரண்டு பேரையும் மூடியது.

காப்பாற்றியது செல்வராஜும் மற்ற டிரைவர்களும்தான். எல்லா ஜீப்புகளையும் முடுக்கி, விளக்கைப் போட்டு, ஹார்னை ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு நின்றார்கள். அந்தச் சத்தத்தில் பிள்ளைகள் அழுதன. அழுத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வண்டிக்கு வந்தார்கள். அப்புறம் ஆண்கள் வந்தார்கள்.

எல்லாரும் ஏறுகிற நேரத்தில் நான் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினேன். மணிக்குள் கையை விட்டு நாக்கைக் கழற்றினேன். கொக்கி நான் மாட்டிய கொக்கிதான். கைக்குத் தெரிந்தது.

பிரவீன் ஓடிவந்தான். "சார், சார், என்ன பண்றீங்க? இறங்குங்க, விழுந்துடப் போறீங்க. அது பழைய பொருள் சார்."

"மணி ஒங்க துரையோடது தம்பி. நீங்களே வச்சுக்கிடுங்க. இந்த இரும்பு சவரிமுத்தோடது."

"யாரு சார் அவரு?"

அவன் கேட்டதில் தப்பில்லை. கல்லில் இல்லாத பெயர் அவனுக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது வளைவுக்கு முன்னால் வண்டிகளை நிறுத்தச் சொன்னேன். "எல்லாரும் இறங்குங்க, மலையை ஒட்டி நடங்க" என்று நானே கத்தினேன். நடந்தார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் கோமதியின் கையைப் பிடித்து நடத்திவந்தார். வெறும் ஜீப்புகள் ஒவ்வொன்றாக வளைவைத் தாண்டின. ஒன்றின் பின்சக்கரம் ஓரத்து மண்ணைச் சரித்துவிட்டு ஏறிக்கொண்டது. கல் உருண்டு கீழே போகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. எல்லாரும் அதைக் கேட்டார்கள்.

ரோஸம்மாள் சொன்னது

வீட்டில் நாக்கை மேசைமேல் வைத்தேன். கோமதி அதையே பார்த்தாள்.

"இஞ்சேருங்க, திருட்டுக் கேஸு போடப் போறானுவ. இந்த வயசுல மணி திருடுனவர்னு பேரு வாங்கப் போறீய."

"போடட்டும். கோர்ட்டுல நின்னு சொல்லுதேன். அங்கயாவது எழுதுவாவல்லா."

ஆனால் வீட்டில் வைத்திருக்க மனசில்லை. மறுநாள் செங்கோட்டைக்குப் போனேன். சவரியின் மனைவி ரோஸம்மாள் தையல் மிஷின் முன்னால் இருந்தாள். அந்த மலைக்கு அவள் ஒருநாளும் போனதில்லை. நாக்கை அவள் கையில் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். "இது இனி இங்கேயே இருக்கட்டும். கல்லை மாத்துற வரைக்கும் நான் குடுக்கப் போறதில்ல" என்றேன்.

அவள் இரும்பைத் தடவிப் பார்த்தாள். மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, இதை நான் வீட்டுல வச்சு என்ன செய்ய? தலைக்கு வச்சா தூங்க? அன்னைக்கி மேல மாட்டிக்கிட்டுக் கிடந்தவங்களுக்காகத்தான அவிய திரும்பிப் போனாவ. நாளைக்கி மேல நிக்கவங்களுக்கு இது அடிக்க வேண்டாமா? கல்லை மாத்தலைன்னா இது அடிக்கப்புடாதுன்னு சொல்லுதீயளே. அவிய இருந்தா ஒங்களைச் சும்மா விடுவாவளா?"

எனக்குப் பதில் சொல்ல யாராலும் ஆகாது என்று ஊரில் சொல்வார்கள். ரோஸம்மாள் சொல்லிவிட்டாள். நாக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவள் அதைப் புதுத்துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

பிரவீன் தம்பி நாக்கைக் கேட்டுப் போனில் கூப்பிட்டான். கல்லில் இருக்கிற தப்பைச் சொன்னேன். மரியாதையாகத்தான் பேசினான். "சார், கல்லை மாத்துறது என் கையில இல்ல. நீங்க சொல்றதை எழுத்துல கொடுத்தா மேல அனுப்புறேன்" என்றான். எழுத்தில் கொடுக்கிறேன். இதுதான் அந்த எழுத்து. ஒரு ஆள் படிக்கிற மனுவாக வேண்டாம், ஊரே படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

பங்களாவை நடத்துகிறவர்களே, வருகிற ஞாயிற்றுக்கிழமை நாக்கைக் கொண்டு வருகிறேன். நானே மாட்டுவேன். அதற்கு நிபந்தனை ஒன்றும் கிடையாது. மணியை வாசலிலிருந்து எடுத்து அடுக்களைப் பின்சுவரில், கை எட்டாத உயரத்தில் கட்டுங்கள். நான் கொக்கி அடித்த துளை அங்கேதான் இருக்கிறது. உங்கள் சுண்ணாம்புக்கு மேல் விரலால் தடவினாலே தெரியும். வாசலில் ஜனங்கள் அடிக்க வேறொரு மணி வாங்கிக் கட்டுங்கள். வேண்டுமானால் நானே வாங்கித் தருகிறேன்.

கல்லை மாற்றுங்கள். துரை கட்டியதைத் துரைக்கே கொடுங்கள். நீங்கள் செய்ததை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். 'கவனிப்பாரற்று' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தை எனக்குக் கொடுங்கள். பாதை போட்டவன் மாடசாமி. கூரை போட்டவன் மாடசாமி. பாறை மறைந்தால் மணி என்று வைத்தவன் மாடசாமி. மணிக்குள் இருக்கிற இரும்பு சவரிமுத்துவின் வண்டியில் இருந்தது என்றும், அவன் யாருக்காகத் திரும்பிப் போனான் என்றும் வெட்டுங்கள். அவன் பெயர் என் பெயருக்கு மேலே இருந்தாலும் எனக்குச் சம்மதம். வேறு எவன் பெயரும் மேலே வர ஒப்ப மாட்டேன்.

எழுத்து பெரிதாக இருக்கட்டும். எனக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. அங்கே நின்று, விரல் வைத்து, நானே படிக்க வேண்டும்.